மான் கூண்டு முன்னால் ஒரு போட்டோ!

பிள்ளை அழுதுகொண்டு வந்து சொன்னால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

வேலூர்:-

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். வேலூரில் இருந்து அமிர்திக்கு ஜனங்கள் கிளம்பி விடுவார்கள். பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி தாண்டிப் போனால் ஜவ்வாது மலை அடிவாரம். 1967-ம் ஆண்டு அமைத்த சின்ன உயிரியல் பூங்கா அங்கே இருக்கிறது. புள்ளிமான், மயில் பார்க்கலாம். மழை பெய்தால் அருவியிலும் தண்ணீர் வரும்.

போகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுக்கிறார்கள். எடுத்த கையோடு செல்போனில் ஊருக்கே காட்டுகிறார்கள்.

அப்படி ஒரு போட்டோவில் இருந்து என்னவெல்லாம் நடக்கும் என்று பார்ப்போம். இது கதைதான். ஆனால் ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை, தோல் தொழிலை நம்பி இருக்கும் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய கதை. அந்தப் பெண்ணுக்குப் பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

அவள் 9-ம் வகுப்பு மாணவி. அம்மா ஷூ கம்பெனியில் தையல் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் ஒரே ஒரு நல்ல செல்போன். 2020-ல் கொரோனாவால் பள்ளிக்கூடத்தை மூடியபோது, "பாடம் போன்லதான் வருதாம்" என்று கடன் வாங்கி வாங்கியது.

மான் கூண்டு முன்னால் நின்று எடுத்த போட்டோவை இன்ஸ்டாகிராமில் போட்டாள். முன்பே பள்ளிச் சீருடையில் எடுத்த போட்டோவும் அதில் இருந்தது. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கண்டுபிடிக்க அது போதாதா?

ஒரு "அக்கா" வந்தாள். பெண் முகம், பெண் பெயர். "ரொம்ப அழகா இருக்கே. நானும் வேலூர்தான்" என்றாள். இரண்டு வாரம் நல்ல பேச்சு. அம்மா திட்டினால் ஆறுதல் சொன்னாள். பிறகு ஒரு போட்டோ கேட்டாள். அப்புறம் இன்னொரு மாதிரி போட்டோ.

அது போய்ச் சேர்ந்த அன்றைக்கே குரல் மாறிவிட்டது. அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. எவனோ ஒருத்தன்!

"இன்னொண்ணு அனுப்பு. இல்லேன்னா உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்."

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் தெருக்கோடி அங்கன்வாடிக்குப் போனாள். சின்ன வயதில் அவளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சர் அங்கே இருந்தார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

இனி எல்லாம் அந்த டீச்சர் கையில்!

போலீசுக்குப் போவதில்லை

இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளை நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போவதில்லை. பழகிய முகத்தைத்தான் தேடும். அது அங்கன்வாடி டீச்சராக இருக்கலாம். விடுதிக் காப்பாளராக, கிராம நர்சாக, மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் அக்காவாக இருக்கலாம். மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் களப்பணியாளராகவும் இருக்கலாம்.

இவர்களுக்கு எடை பார்க்கத் தெரியும். ரிஜிஸ்டர் எழுதத் தெரியும். குழந்தைத் திருமணம் நடக்கப் போகிறது என்று துப்பு கிடைத்தால் என்ன செய்வது என்றும் பலருக்குத் தெரியும். செல்போனுக்குள் நடக்கும் மிரட்டல் என்றால் மட்டும் கை நடுங்குகிறது. "இன்ஸ்டாகிராம்னா என்னன்னே தெரியாதே, நான் என்னத்தைப் பண்ணுவேன்?" என்று ஒதுங்கத் தோன்றும்.

இன்ஸ்டாகிராம் தெரிய வேண்டியதில்லை. முதலில் எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியது போல.

"ஏண்டி அனுப்பினே?"

நம் வாயில் முதலில் வரும் கேள்வி இதுதான். இதைக் கேட்டதும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மீதிக் கதை வெளியே வராது. மிரட்டுகிறவன் அவளிடம் தினமும் சொல்வதும் இதே பேச்சுதான்: "தப்பு உன்னோடது. வெளியே சொன்னா உன்னைத்தான் திட்டுவாங்க." நாமும் அதையே சொன்னால் அவனுக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது, செல்போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் அழிப்பது. நல்ல எண்ணத்தில்தான் அழிக்கிறார்கள். ஆனால் அவனுடைய கணக்குப் பெயர், அவன் அனுப்பிய மிரட்டல், நாள், நேரம், பணம் கேட்டிருந்தால் அந்த நம்பர் எல்லாம் அதோடு போய்விடும். பிறகு போலீசார் எதை வைத்துத் தேடுவார்கள்?

சிலர் அவனுக்கே போன் போட்டுக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் அவன் உஷாராகி அந்தக் கணக்கை மூடிவிட்டு ஓடிவிடுவான். ஆத்திரத்தில் படத்தை நாலு பேருக்கு அனுப்பியும் விடலாம்.

எல்லாவற்றையும்விட பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. "சார், இதைக் கொஞ்சம் பாருங்க, என்ன செய்யலாம்?" என்று அந்தப் படத்தையே மேலதிகாரிக்கு வாட்ஸ்-அப்பில் அனுப்புவது! 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் அந்த மாதிரிப் படத்தை யார் யாருக்கு அனுப்பினாலும் சிக்கல். அனுப்ப வேண்டாம், உங்கள் செல்போனில் படம் பிடிக்கவும் வேண்டாம். கணக்குப் பெயரையும் நம்பரையும் நாள், நேரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனை அப்படியே பத்திரமாக வைத்து, போலீசாரிடம் மட்டும் காட்டுங்கள்.

பயம் எதற்கு?

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்றாளே, அது ஏன்?

அடி விழும் என்பதற்காக மட்டும் அல்ல. செல்போன் போகும். அதோடு பள்ளிக்கூடமும் போகும். "இனிமே படிச்சது போதும்" என்று வீட்டில் உட்கார வைப்பார்கள். மாப்பிள்ளை பார்ப்பார்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் மானம் போய்விட்டது என்று நினைக்கும் வீட்டில் சட்டம் ஞாபகம் வருவதில்லை.

எவனோ ஒருத்தன் செய்த அயோக்கியத்தனத்துக்கு இவள் படிப்பு பலியாகிறது. அந்த வீட்டில் கல்லூரி வரை போயிருக்க வேண்டிய முதல் பெண்ணாக அவள் இருக்கலாம்.

அதனால்தான் டீச்சரின் முதல் வார்த்தை முக்கியம். பெரிய மனோதத்துவம் ஒன்றும் தேவை இல்லை. "சொன்னது நல்லதாப் போச்சு கண்ணு. தப்பு உன்மேல இல்ல. மிரட்டுறான் பாரு, அவன்தான் குத்தவாளி. இனிமே நீ ஒருத்தியா இல்ல." இது போதும்.

ஒன்று மட்டும் சொல்லக்கூடாது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யக்கூடாது. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. "யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்றேன். உனக்குத் தெரியாம எதுவும் செய்ய மாட்டேன்" என்று சொல்லலாம்.

சொல்லாவிட்டால் டீச்சருக்கும் தண்டனை!

ஏன் காப்பாற்ற முடியாது? 2012-ம் ஆண்டு வந்த போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு அப்படி. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசாருக்குச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில்.

"சொல்லிவிட்டு நான் மாட்டிக்கொண்டால்?" என்ற பயம் வேண்டாம். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்று அதே 19-வது பிரிவு சொல்கிறது.

நேரில் தொட்டால்தான் குற்றம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி அல்ல. தப்பான நோக்கத்தோடு செல்போன் வழியாக ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதும், படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டுவதும் போக்சோ 11-வது பிரிவில் வருகின்றன. 3 வருடம் வரை ஜெயில். படம் நிஜமா, கம்ப்யூட்டரில் ஒட்டிச் செய்த போலியா என்ற கேள்வியே இல்லை. போலிப் படத்தை வைத்து மிரட்டினாலும் குற்றம்தான். பிள்ளையை அந்த மாதிரிப் படத்துக்குப் பயன்படுத்தினால் 5 வருடத்துக்குக் குறையாத தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 67-பி என்று தனிப் பிரிவே இருக்கிறது.

செல்போன் ரிப்பேர் கடைக்காரர்களும் கவனிக்க வேண்டும். டிஸ்பிளே மாற்ற வந்த போனில் குழந்தைகளின் அப்படிப்பட்ட படம் கண்ணில் பட்டால், "நமக்கேன் வம்பு" என்று திருப்பிக் கொடுக்கக்கூடாது. 19-வது பிரிவில் "எவரும்" என்றால் கடைக்காரரும்தான்.

அமெரிக்காவில் மணி அடித்தது, அம்பத்தூரில் வழக்கு!

"ரகசியமா வெச்சிருந்தா யாருக்குத் தெரியப் போவுது?" என்று கேட்பவர்களுக்கு அம்பத்தூர் வழக்கைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் ஒன்று இருக்கிறது. 1984-ல் தொடங்கியது. இணையத்தில் குழந்தைகளின் ஆபாசப் படங்கள் நடமாடினால் கம்பெனிகள் அந்த மையத்துக்குத் தகவல் கொடுக்கின்றன. 2019-ம் ஆண்டு இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அதோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அன்று முதல் நம் ஊர்த் தகவல்கள் இங்கே வந்து சேர்கின்றன.

அப்படி வந்த ஒரு தகவலை வைத்து 2020-ல் அம்பத்தூர் அனைத்து மகளிர் போலீஸ் நிலையத்தில் ஒரு வாலிபர் மீது வழக்குப் பதிவானது. அவருடைய செல்போனைச் சோதித்தார்கள். வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. தனியாகப் பதிவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றம் ஆகாது என்று 2024 ஜனவரியில் ஐகோர்ட்டு வழக்கை ரத்து செய்தது.

குழந்தைகள் நல அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024 செப்டம்பர் 23-ந் தேதி தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பார்திவாலா இருவரும் ஐகோர்ட்டு தீர்ப்பை ரத்து செய்து, வழக்குக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். அந்த மாதிரிப் படங்களை அழிக்காமலும் போலீசுக்குச் சொல்லாமலும் வைத்திருப்பது எப்போது குற்றம் ஆகும் என்று விரிவாக விளக்கினார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். "குழந்தை ஆபாசப் படம்" என்ற பெயரையே இனி கோர்ட்டுகள் பயன்படுத்த வேண்டாம், அது குழந்தையைச் சுரண்டிய, வதைத்ததற்கான சான்று என்ற பொருளில் எழுதுங்கள் என்றார்கள். சரிதானே? படம் என்று சொன்னால் ஏதோ சினிமா மாதிரி இருக்கிறது. அதற்குள் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது.

பெயர் வெளியே வந்தால்...

கதையில் பெயர் வேண்டாம் என்றோம் அல்லவா? பொள்ளாச்சியை மறந்துவிட முடியுமா?

2019 பிப்ரவரியில் வெளியே வந்த கொடுமை அது. சமூக வலைத்தளங்களில் பழகி, நம்ப வைத்து, வீடியோ எடுத்து மிரட்டிய கும்பல். துணிந்து புகார் கொடுத்தாள் ஒரு மாணவி. அவள் பெயரை யார் வெளியே விட்டது? போலீஸ் அதிகாரியின் பேட்டியிலேயே வந்தது. போதாததற்கு, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றும் அரசாணையிலும் அவளுடைய விவரம் அச்சாகி வந்தது! அந்த மாணவிக்கு ரூ.25 லட்சம் கொடுக்க வேண்டும் என்று ஐகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவிட்டது.

ஆறு வருடம் கழித்து, 2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை. அந்தப் பெண்களின் நெஞ்சுரத்தைப் பாராட்ட வேண்டும். முதலில் புகார் கொடுத்த பெண்ணுக்கு நேர்ந்ததைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கியிருந்தால் வழக்கு என்ன ஆகியிருக்கும்?

பெயரைச் சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. "அந்த ஷூ கம்பெனி டெய்லர் பொண்ணு, ஒன்பதாவது, ரெண்டாவது தெரு" என்றால் தெருவுக்கே புரிந்துவிடும். ஆபீசில் டீ குடிக்கும்போது பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். போக்சோ 23-வது பிரிவு பத்திரிகைக்காரர்களையும் விடவில்லை. அடையாளம் தெரியும்படி எழுதினால் 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயில். எங்களுக்கும் சேர்த்துத்தான்!

கேக் வெட்டும் போட்டோ

இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. யாருக்காவது பிறந்த நாள் என்றால் குழந்தைகள் இல்லத்துக்குப் போய் சாப்பாடு போடுகிறார்கள். புண்ணியம். ஆனால் கேக் வெட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, போட்டோ எடுத்து, இல்லத்தின் பெயரோடு ஃபேஸ்புக்கில் போடுகிறார்களே, அது எதற்கு?

அப்பா அம்மா இல்லாத பிள்ளை, இன்ன இல்லத்தில் இருக்கிறது, முகம் இதுதான் என்று ஊருக்கே விலாசம் கொடுத்தாகிவிட்டது. பாசத்துக்கு ஏங்கும் பிள்ளையைத் தேடுகிறவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில், ரூ.2 லட்சம் வரை அபராதம். இல்லத்துக்காரர்கள் நன்கொடை போய்விடுமே என்று வாயைத் திறக்கத் தயங்குவார்கள். நன்கொடையாளர்களே செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் நல்லது.

விழிப்புணர்வு முகாம் நடத்தி, பிள்ளைகளின் முகம் தெரிய "குரூப்"பில் போடும் களப்பணியாளர்களுக்கும் இதேதான்.

பையன்களும் உண்டு

மாட்டுவது பெண் பிள்ளைகள் மட்டும் அல்ல. முன்பின் தெரியாத பெண்ணிடம் இருந்து வீடியோ கால் வரும். பேசுவதைப் பதிவு செய்துகொண்டு, "பணம் அனுப்பு" என்பார்கள். பையன் ஆயிரம், இரண்டாயிரம் என்று அனுப்புவான். அப்பா பையில் கை வைப்பான். கேட்டால் சொல்ல மாட்டான். ஆம்பளைப் பிள்ளை அழக்கூடாது என்று வளர்த்திருக்கிறோமே! போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்கு உட்பட்ட ஆணும்தான். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

படம் வெளியே போய்விட்டால்?

"போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைக்க வேண்டாம். முன்னே சொன்ன அமெரிக்க மையமே 2023-ம் ஆண்டு "டேக் இட் டவுன்" என்று ஒரு இலவசச் சேவை தொடங்கியது. 18 வயதுக்கு முன்னால் எடுத்த படம் என்றால் பயன்படுத்தலாம். பெயர் கொடுக்க வேண்டியதில்லை.

படத்தையும் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை! அது செல்போனை விட்டு வெளியே போகாது. மனிதனுக்குக் கைரேகை மாதிரி, அந்தப் படத்துக்கு ஒரு எண் ரேகை எடுக்கிறார்கள். அந்த ரேகை மட்டும் போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் மாதிரி இதில் சேர்ந்துள்ள கம்பெனிகள் அந்த ரேகையோடு எந்தப் படம் வந்தாலும் பிடித்து நீக்கும். வாட்ஸ்-அப் மாதிரி பூட்டுப் போட்ட செய்திகளுக்குள் இது எட்டாது. அந்தக் குறை இருக்கிறது. ஆனாலும் நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்து கொடுத்தால் அன்று இரவு அது தூங்கும்.

எந்த மாவட்டம்?

2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அமிர்தி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்றால் வேலூர். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். அந்தந்த மாவட்டத்துக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும், குழந்தைகள் நலக் குழுவும் தனி.

குழப்பமாக இருந்தால் 1098. இரவு பகல் எந்நேரமும் அடிக்கலாம். 1996-ல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் இது. 2023 முதல் அரசே நடத்துகிறது. சைபர் குற்றங்களுக்கான அரசு இணையதளத்தில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். "இது எங்க எல்லை இல்ல" என்று போலீஸ் நிலையத்தில் திருப்பி அனுப்பக்கூடாது. எந்த எல்லையில் நடந்தாலும் வழக்குப் பதிவு செய்து, உரிய நிலையத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும்.

களப்பணியாளர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இவர்களில் பலர் ஒப்பந்தச் சம்பளக்காரர்கள். குழந்தைகளோடு பழகும் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு அவ்வப்போது பயிற்சி கொடுக்க வேண்டும், போலீஸ் மூலம் அவர்களுடைய பின்னணியை விசாரிக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. அந்தப் பயிற்சியில் செல்போனுக்கு ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும். உருது பேசும் வீடுகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடியில் உருதிலும் நடத்த வேண்டும். விசாரணையில் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

அம்மாவிடம் யார் சொல்வது?

நம் கதைக்கு வருவோம். டீச்சர் திட்டவில்லை. செல்போனைத் தொடவில்லை. கணக்குப் பெயரை எழுதிக்கொண்டு 1098-க்குப் பேசினார்.

வாக்குமூலம் வாங்க பிள்ளையைப் போலீஸ் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி. காக்கி உடையில் வரக்கூடாது. இரவில் எந்தப் பிள்ளையையும் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தனிக் கோர்ட்டுக்கும் போலீசார் தெரிவிக்க வேண்டும். எல்லாம் போக்சோ சட்டத்தில் இருக்கிறது.

பிள்ளை பேசும்போது பெற்றோரோ, அது நம்பும் வேறு ஒருவரோ கூட இருக்கலாம் என்றும் இருக்கிறது. டீச்சர் பக்கத்திலேயே உட்காரலாம்!

சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நின்றது. அம்மா இறங்கும்போதே டீச்சர் வாசலில் நின்றார். பிள்ளையை உள்ளே உட்கார வைத்துவிட்டு, அம்மாவைத் தனியாக அழைத்துப் போனார். "உம்பொண்ணு தைரியசாலிம்மா. மிரட்டினவனைப் பத்தி வந்து சொல்லிட்டா" என்று அங்கிருந்து ஆரம்பித்தார். அம்மா அழுதாள். கொஞ்சம் கத்தவும் செய்தாள். டீச்சர் அதுவரை காத்திருந்தார். அப்பாவிடம் பேசும்போதும் கூட இருந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் உண்டு. அவள் போனாளா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கம் வராமல், பேசாமல் இருந்தால் மனநல டாக்டரிடம் காட்ட வெட்கப்பட வேண்டியதில்லை. அமிர்திக்குப் போகிற வழியில் பாகாயத்திலேயே சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது.

பதினைந்து நாள் கழித்து டீச்சர் மறுபடியும் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போக வேண்டும். வேறு ஒரு பெயரில், வேறு ஒரு "அக்கா"விடம் இருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும்.